இயக்கியின் இரு கடமைகள்

கணினியோடு இணையும் தகவல் தொடர்புக் கருவிகள் பல. அவற்றின் மின்சுற்றும் கட்டளை முறையும் ஒன்றுக்கொன்று வேறுபடும். அவ்வேறுபாடுகளைப் பயன்பாட்டு நிரல் அறிய வேண்டாதவாறு இடைநின்று பணிபுரிவது இயக்கி மென்பொருள். நிரல் இயக்கியை அணுகும் வழியே இடைமுகம்.

1969ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் இயக்க அமைப்பு, கருவிகளையும் கோப்புகளைப் போலவே கையாண்டது. திறத்தல், படித்தல், எழுதுதல், மூடுதல் ஆகியன அவற்றுக்கும் பொதுவாயின. வேகத்தை அமைத்தல் போன்ற, கோப்புக்கு இல்லாத செயல்களுக்கு மட்டும் தனிக் கட்டளை வகுக்கப்பட்டது.

ஓர் எழுத்தைப் பிட்டு பிட்டாக அனுப்பும் தொடர்நிலைத் தொடர்பில் இதன் பயனைக் காணலாம். தொடக்க, முடிவுப் பிட்டுகளோடு ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள் எனில், நொடிக்கு 9,600 பிட்டு வேகத்தில் 960 எழுத்துகள் வந்து சேரும். தொடக்ககாலத் தனிநபர் கணினிகளில் இருந்த 8250 என்னும் சில்லு, வந்த எழுத்துகளுள் ஒன்றை மட்டுமே தேக்கி வைக்கும். ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்குள் இயக்கி அதனை எடுக்காவிடில், அடுத்த எழுத்து வந்ததும் அது அழிந்துவிடும். பின்வந்த 16550ஏ சில்லு 16 எழுத்துகளைத் தேக்கியது. அதற்கேற்ப இயக்கி மாறியது. படிக்கும் நிரலோ மாறவில்லை.

ஆயினும், அனைத்தையும் மறைப்பது நல்ல இடைமுகம் ஆகாது. எழுத்து இழக்கப்பட்டதையும் மறைத்துவிட்டால், குறையுள்ள செய்தியை முழுமையானதென நிரல் நம்பிவிடும். எனவே, கருவிதோறும் மாறும் நுட்பத்தை மறைத்தலும், நேர்ந்த பிழையை மறைக்காது உரைத்தலும் இயக்கியின் இரு கடமைகளாகும்.