மரபணுத் தொகுப்பும் அறிந்தளிக்கும் சம்மதமும்

ஒருவருடைய சிறிதளவு இரத்தத்தினின்று அவருடைய மரபுச் செய்தி முழுவதையும், ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களாக, இக்காலத்தில் படித்தறிய இயலும். பலரிடமிருந்து பெற்ற இத்தகைய செய்திகளை ஓரிடத்திற் சேமித்து வைப்பதே மரபணுத் தொகுப்பு எனப்படும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டம், 20 ஸ்தாபனங்களின் துணைகொண்டு சுமார் 10,000 பேருடைய செய்தியைத் திரட்டிற்று. 2025 ஜனவரியில், அனுமதி பெறும் ஆராய்ச்சியாளருக்கு அது கிடைக்குமாறு செய்யப்பட்டது.

இதன் பயன் சிறிதன்று. ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளிலுள்ள வைசிய வகுப்பினர் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்த அளிக்கும் ஒரு மருந்தின் விளைவு உரிய நேரத்தில் நீங்குவதில்லை. மூச்சுத் தசைகளும் நெடுநேரம் செயலற்றிருக்கும். அம்மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருத்தலே காரணம். இதனை முன்னரே அறிந்த மருத்துவர் வேறு மருந்தைக் கையாள்வார். ஆயினும் ஒரு வகுப்பின் பெயர் ஒரு குறைபாட்டுடன் சேர்த்து வழங்கப்பெறுவதை அனைவரும் விரும்புவர் என்பதற்கில்லை. சம்மதம் அளிப்பவர் ஒருவர். செய்தியோ அவருடைய உறவினரையும் சார்ந்தது.

சம்மதத்தின் எல்லை பற்றி விஞ்ஞானிகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் புதிதாகச் சம்மதம் பெறவேண்டும் என்பர் ஒரு சாரார். பல்லாண்டுகளுக்குப்பின் எழும் வினாக்களை இன்றே சொல்ல இயலாதாகையால், அறநெறிக் குழுவின் மேற்பார்வையுடன் கூடிய பொதுச் சம்மதமே போதுமென்பர் மற்றவர். அமெரிக்காவின் ஹவசுபாய்ப் பழங்குடியினர் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1990 முதல் அவர்கள் நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று இரத்தம் அளித்தனர். அது மனநோய், மக்களின் குடிபெயர்ச்சி ஆகியன பற்றிய ஆய்வுகளுக்கும் உபயோகப்பட்டது. சம்மதப் படிவத்தின் சொற்கள் விரிந்த பொருளுடையனவே. மக்கள் செவியில் விழுந்ததோ நீரிழிவு ஒன்றே. 2004இல் தொடுத்த வழக்கு 2010இல் சமரசமாய் முடிய, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் அளித்து, எஞ்சிய இரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. படிவம் பிழையற்றதாயினும் சம்மதம் பிழைபடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் பொதுச் சம்மதத்தைக் கட்டுப்பாடுகளுடன் ஏற்கின்றன. பங்கேற்பவர் அறிந்த மொழியில் விளக்கம் இருத்தல் வேண்டும்; எழுத்தறியாதாரிடம் கைரேகை பெறுங்கால், ஆராய்ச்சியோடு தொடர்பற்ற, எழுத்தறிந்த சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். ஊர்ப் பெரியோரின் இசைவு தனிமனிதர் சம்மதத்துக்கு ஈடாகாது.

மூன்று மாநில எல்லைகள் நெருங்கும் சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம் போன்ற இடங்களில், வீட்டு மொழி ஒன்றும் பள்ளி மொழி வேறொன்றுமாக இருத்தல் இயல்பு. தெலுங்குப் படிவத்தில் கையொப்பமிடுபவர் தமிழிற் கேட்டால்தான் தெளிவடைவார் எனின், தமிழிலேயே விளக்குதல் ஊழியரின் கடமை. சம்மதத்தைத் திரும்பப் பெற விரும்புவோர் யாரிடம் தெரிவிக்கவேண்டும் என்பதையும் கூறுதல் வேண்டும். எஞ்சிய மாதிரியை அழித்துவிடலாம். ஆனால் முடிந்துபோன ஆய்வுகளிற் கலந்த செய்தியை மீட்டெடுத்தல் இயலாது. கையொப்பத்துக்கு முன்னரே இதனையும் சொல்லிவிடுதல் வேண்டும்.