காலத்தில் கிட்டும் கடன்

இரும்புலியூர் இன்று தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த நகர்ப்பகுதி. முன்னர் அஃது அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திரூர் கிராமத்திலேதான் 1904-இல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. நாட்டில் அதுவே முதலாவது என்பர். ஆயினும் 1951–52 அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வின்படி, குடியானவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3.1 மட்டுமே. வட்டிக்குக் கொடுப்போரின் பங்கோ ஏறத்தாழ 70!

கடன் கிடைத்தால் மகசூல் உயருமா? தானாக உயராது. ஓரிரு ஏக்கரில் நெல் பயிரிடுபவரை எண்ணிப் பாருங்கள். தூர் கட்டும் பருவத்தில் அவர் யூரியா இட வேண்டும். பணம் மூன்று வாரம் பிந்தினால் அப்பருவம் கடந்துவிடும். பிறகு எவ்வளவு உரமிட்டாலும் இழந்த தூர்கள் திரும்பா. நெல் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவரோ, களத்திலேயே அவர் சொல்லும் விலைக்கு அளந்துவிட நேரிடுகிறது. விளைந்தும் பயன் குறைவு.

இன்று தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடனைத் தவணை தவறாது செலுத்துவோருக்கு வட்டி இல்லை. 2025 ஜனவரி முதல், 2 இலட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. எனினும் சிட்டா, அடங்கல் வேண்டுமே! வாய்மொழிக் குத்தகைதாரர் இங்கேதான் தடைப்படுகிறார். உழுபவர் அவர், ஏட்டிலுள்ள பெயரோ வேறு. அத்தகையோர் சிலர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து வங்கியை அணுகலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள், நாற்று விடுமுன், ஆடி மாதத்திலேயே, விண்ணப்பம் செய்யாதோர் பட்டியலைத் தயாரித்துச் சங்கச் செயலாளரிடம் அளிப்பார்களாக.