நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தை நாமே பார்த்துத் தெரிஞ்சுக்குவோம்

(குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேசுவதற்கான பாடம். படிக்கத் தெரிந்த ஓர் உறுப்பினர் நிறுத்தி நிதானமாக வாசிக்கவும். மற்றவர்கள் கேட்டுவிட்டு, கடைசியில் உள்ள கேள்விகளைப் பற்றிப் பேசவும்.)



மே மாதம் வந்துவிட்டால் குழுவில் கடன் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். காரணம் கேட்டால், "பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்" என்பார்கள். குழுக்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அக்கா, எல்லா வீட்டுப் பிள்ளையும் டை கட்டி வேன்ல போகுது. எம்பிள்ளைய மட்டும் நம்ம ஊரு ஸ்கூல்ல போட்டா, வசதியில்லன்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

"அது இருக்கட்டும்மா. நம்ம ஊரு ஸ்கூலுக்குள்ள ஒரு நாளாவது போய்ப் பாத்தியா?"

"இல்லக்கா. நல்லா இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க."

கறவை மாடு வாங்கக் கடன் எடுத்தால் என்ன செய்கிறோம்? பல்லைப் பார்க்கிறோம். இரண்டு வேளை கறந்து பார்க்கிறோம். நாலு இடத்தில் விசாரிக்கிறோம். பிள்ளையின் ஐந்து வருடப் படிப்பை மட்டும் யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்யலாமா? அரசுப் பள்ளி என்றாலே மோசம் என்பதும் தப்பு, அரசுப் பள்ளி எல்லாமே நல்லது என்பதும் தப்பு. நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். எதைப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு, தனியார் பள்ளியில் கட்டணம் 18,000, வேன் 9,000, சீருடை, புத்தகம், மற்றது 5,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் வருடத்துக்கு 32,000 ரூபாய். இதைக் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 3,200 வீதம் பத்து மாதத்தில் அடைத்தால் வட்டி 1,760 ரூபாய். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் அசலும் வட்டியும் சேர்த்து 1,68,800 ரூபாய். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். இந்தப் பணத்துக்குப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, ஊர்ப் பள்ளியில் செலவில்லாமல் என்ன கிடைக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும்?

1. ஆசிரியர் எண்ணிக்கை

இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர் இருக்க வேண்டும். வருடத்தில் குறைந்தது 200 நாள் பள்ளி நடக்க வேண்டும்.

இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளி என்றால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்களா, அல்லது சும்மா உட்கார வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். ஆசிரியர்கள் காலை வணக்கத்துக்கு வந்துவிடுகிறார்களா? அடிக்கடி கூட்டம், பயிற்சி என்று போனால் அன்றைக்கு வகுப்பை யார் பார்க்கிறார்கள்?

2. பிள்ளைகளுக்குப் படிக்க வருகிறதா?

இதுதான் முக்கியமான சோதனை. கட்டடத்தைவிட, சீருடையைவிட இதைப் பாருங்கள். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஏறக்குறைய இப்படித்தான் சோதித்து வருகிறது.

உங்கள் தெருவில் மூன்றாம் வகுப்பு படிக்கும் நாலைந்து பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையை மட்டும் கேட்டால் உண்மை தெரியாது. இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவர்கள் மனப்பாடம் செய்யாத ஒரு பத்தியைக் கொடுங்கள். தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்களா? வாசித்ததை அவர்கள் வார்த்தையில் சொல்ல முடிகிறதா?

அடுத்து ஒரு கழித்தல்: 52-இல் 27 போனால் எவ்வளவு? 25 என்றால் சரி. 35 என்று எழுதினால், 7-இல் 2-ஐக் கழித்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்குக் "கடன் வாங்கிக் கழித்தல்" இன்னும் புரியவில்லை.

இதே சோதனையைத் தனியார் பள்ளிப் பிள்ளைகளிடமும் செய்யுங்கள். ஆங்கிலப் பாட்டை வேகமாகச் சொல்லும் பிள்ளைக்கு அதன் அர்த்தம் தெரிகிறதா என்று கேளுங்கள். ஆங்கிலத்துக்காகத்தான் தனியார் பள்ளி என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். அரசுப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். 2012-13 முதல் பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் வந்தது.

சோதனை செய்யும்போது பிள்ளையைத் திட்டவோ, மற்ற பிள்ளையோடு ஒப்பிடவோ கூடாது. நாம் பார்ப்பது பள்ளியை, பிள்ளையை அல்ல.

3. நோட்டுப் புத்தகம்

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் இதைப் பார்க்கலாம். பக்கங்கள் நிரம்பியிருக்கின்றனவா? ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறாரா, அல்லது ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறாரா? எல்லாப் பிள்ளை நோட்டிலும் ஒரே வரிகள் மட்டுமே இருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. சொந்தமாக எழுதிய வரியும், சொந்தமாகப் போட்ட கணக்கும் இருக்க வேண்டும்.

4. பயமும் பாகுபாடும்

பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று அடிக்கடி அழுதால் விசாரியுங்கள். அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. "நாலு அடி போட்டாத்தான் படிப்பு வரும்" என்று நாமே சொல்லிக் கொடுக்கக் கூடாது.

யாரை முன்னால் உட்கார வைக்கிறார்கள், யாரைப் பெருக்கச் சொல்கிறார்கள், கழிப்பறை கழுவச் சொல்கிறார்களா, சாப்பாட்டில் சாதி பார்த்துத் தனி வரிசை உண்டா என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கிறார்களா என்றும் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு நடக்கவில்லை என்றாலும் கேட்க வேண்டியது நம் கடமை.

5. தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு

ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் சட்டப்படி இருக்க வேண்டும். கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது. தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பூட்டியே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சத்துணவுத் திட்டம் 1982-இல் தொடங்கியது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமங்களில் காலை உணவு சமைக்கும் பொறுப்பு நம் மகளிர் குழுப் பெண்களுக்கே தரப்பட்டது. ஆகவே இங்கே நாம் தாய் மட்டுமல்ல, பொறுப்பாளரும்கூட. ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். நேரத்துக்குத் தயாராகிறதா, அளவு போதுமா என்று கேளுங்கள்.

எப்படிப் போவது?

கும்பலாகப் போய்ச் சத்தம் போட வேண்டாம். இரண்டு, மூன்று பேர் போய்த் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். "சார், எங்க பிள்ளைங்கள சேக்கலாம்னு இருக்கோம், ஒரு தடவ பாத்துக்கிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆசிரியரின் கஷ்டத்தையும் கேளுங்கள். பிள்ளையை அடிக்கடி லீவு போட வைப்பது நாம்தான் என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறை இருந்தால் என்ன செய்யலாம்?

குறை தெரிந்ததும் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவதுதான் நமக்குத் தெரிந்த வழி. ஆனால் பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் பணியிடமும் குறையும். ஆசிரியர் இல்லையென்று இன்னும் பிள்ளைகள் போவார்கள். கடைசியில் வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்வார்கள். இதையே திருப்பிப் பாருங்கள். 58 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் 61. மூன்றாவது ஆசிரியரைக் கேட்க நமக்குச் சட்டமே துணை.

பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். "கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்தேன்" என்று இருக்கக் கூடாது. வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

குறையை முதலில் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்து மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுத வையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் போன்றவற்றைக் கிராம சபையில் கேட்கலாம். பிள்ளையை அடித்தாலோ தவறாக நடந்தாலோ காத்திருக்காமல் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

பார்த்த பிறகு தனியார் பள்ளிதான் சரி என்று ஒரு உறுப்பினர் முடிவு செய்தால் அது அவர் உரிமை. யாரும் குறை சொல்லக் கூடாது. பார்த்துவிட்டு முடிவு செய்தாரா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் போன வருடம் பள்ளிக் கட்டணத்துக்கு எத்தனை பேர் கடன் வாங்கினோம்? மொத்தம் எவ்வளவு?
2. நம் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள்?
3. மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர் யார் இருக்கிறார்? கடைசிக் கூட்டத்தில் என்ன பேசினார்கள்?
4. அடுத்த கூட்டத்துக்குள் பள்ளிக்குப் போய்ப் பார்த்து வரப்போகும் மூன்று பேர் யார்?

நான்காவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள். போய் வந்தவர்கள் பார்த்ததை அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும்.