கணினிக்கும் பூட்டு வேண்டும்

மக்காச்சோள வரத்து நாளில் பெரம்பலூர், அரியலூர் வியாபாரிகளாகிய நாம் கோடவுனில் முதலில் பார்ப்பது கதவுப் பூட்டை. பிறகுதான் எலிப் பொந்து, கூரை ஒழுகல். பில் போடும் கணினிக்கும் அதே முறைதான்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாயன்று விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. நமக்கு அப்போது இரவு. புதன் காலை கடை திறக்கையில் கிடைக்கும். "சீசன் முடியட்டும்" என்று நாமும் தள்ளிப் போட்டவர்கள்தான்.

2017 மார்ச் 14-ல் வந்த ஒரு திருத்தத்தைப் போடாத கணினிகளைத்தான் மே 12-ல் 'வான்னாக்ரை' தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. கேரளத்தில் வயநாட்டு ஊராட்சி அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. இரண்டு மாத அவகாசம் வீணாயிற்று!

எனவே வரிசை இது:

1. திருடர்கள் ஏற்கெனவே நுழையும் ஓட்டைக்குத் திருத்தம் வந்திருந்தால், அன்றே போட வேண்டும். எது அப்படிப்பட்டது என்பதை நிறுவனமே குறித்து வெளியிடுகிறது. கணினி பார்ப்பவரிடம் கேளுங்கள்.

2. வங்கி, ஜி.எஸ்.டி. வேலை நடக்கும் கணினிக்கு, அந்த வாரத்துக்குள்.

3. மற்றவற்றுக்கு, கடை விடுமுறை நாளில்.

திருத்தம் போடுமுன் கணக்கை வெளி டிஸ்கில் நகலெடுத்து, கழற்றிப் பெட்டியில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதையும் கவனியுங்கள்.

சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். பற்று வரவுக் கணக்கு போனால், யாரிடம் போய் வசூல் கேட்போம்?