புள்ளிகளால் ஒரு முகம்

மனித முகத்தை வரையச் சொன்னால் நம்மில் பலர் முதலில் 'தோல் நிறம்' என்னும் வண்ணப் பென்சிலைத் தேடுவோம். வெளிறிய இளஞ்சிவப்பில் ஒன்று பெட்டியில் இருக்கும். அந்த நிறத்தில் முகம் உள்ளவர் நம் வகுப்பில் எத்தனை பேர்? புள்ளி ஓவியம் கற்பவர் அந்தப் பென்சிலை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

1880களில் பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஜோர்ஜ் சூரா இம்முறையை உருவாக்கினார். வண்ணங்களைத் தட்டில் நன்கு குழைத்துப் பூசுவதே அதுவரை வழக்கமாக இருந்தது. அவரோ வெவ்வேறு வண்ணங்களைச் சிறு புள்ளிகளாக அருகருகே வைத்தார். பூங்காக் காட்சி ஒன்றை இவ்வாறு தீட்ட அவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதன் அகலம் சுமார் 3 மீட்டர். பின்னர், முகப்பூச்சு இட்டுக்கொள்ளும் ஓர் இளம்பெண்ணையும் 1888 முதல் 1890 வரையிலான காலத்தில் புள்ளிகளாலேயே வரைந்தார். அவ்வோவியம் இப்போது லண்டனில் உள்ளது.

இதற்கு அடிப்படையாக அமைந்தது ஒரு வேதியியல் அறிஞரின் ஆய்வு. பாரிஸில் திரைச்சீலை நெய்யும் கூடம் ஒன்றில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல். கறுப்புச் சாயம் மங்கலாக இருப்பதாக அங்கே புகார் எழுந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. அதன் அருகில் இருந்த நூல்களின் நிறமே கறுப்பை மங்கலாகக் காட்டியது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறமும் முடிவு செய்கிறது. 1839இல் அவர் இதை நூலாக வெளியிட்டார்.

இனி, மாநிறமான ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். ஒருபக்கமிருந்து வெளிச்சம் விழுமாறு ஒருவரை அமரச் செய்யுங்கள். வெள்ளைப் பூச்சிட்ட கித்தானில் கரித்துண்டால் மெல்லிய வடிவம் போதும். ஒளிபடும் நெற்றியிலும் கன்னத்திலும் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகளை வையுங்கள். ஒளி குறையும் இடத்தில் சிவப்பும் ஊதாவும் வரட்டும். தாடையின் கீழே உள்ள நிழலில் அடர்நீலமும் கரும்பச்சையும் வேண்டும். நிழல் என்றதும் கறுப்பை நாடாதீர்கள். முகம் கரி படிந்தது போலாகிவிடும்.

எண்ணெய் வண்ணம் காயச் சில நாள்கள் ஆகும். ஈரப் புள்ளிமீது மற்றொன்று பட்டால் இரண்டும் கலங்கிச் சேற்று நிறமாகும். எனவே, இடைவெளி விட்டு வையுங்கள். காய்ந்தபின் இடைவெளிகளை நிரப்புங்கள். நிறம் மாற்றும்போதெல்லாம் தூரிகையைத் துணியில் துடைப்பது அலுப்பூட்டும் வேலைதான். ஆனாலும், அதைத் தவிர்க்க முடியாது.

மஞ்சளும் நீலமும் அருகருகே இருந்தால் தூரத்தில் பச்சையாகிவிடும் என்று சிலர் கூறுவர். உண்மையில் அது சாம்பல் கலந்தே தெரியும். பச்சை வேண்டுமெனில் பச்சைப் புள்ளியையே வையுங்கள்.

பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு ஒருமுறை எழுந்து, மூன்று மீட்டர் பின்னால் சென்று, கண்களைச் சுருக்கிப் பாருங்கள். மூக்கிற்குக் கோடு போடத் தேவையில்லை. அதன் ஒளிப்பக்கத்தை ஒட்டிய புள்ளிகளைச் சற்று அடர்த்தியாக்கினால் அது தானே எழுந்து நிற்கும். கண்களுக்கு மிகச் சிறிய புள்ளிகள் வேண்டும். கருமணியில் மின்னும் வெள்ளைப் புள்ளியை மட்டும், மற்றவை அனைத்தும் காய்ந்த பிறகு வையுங்கள்.