பிள்ளையின் பிழையும் பூச்சியத்தின் பயணமும்

தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு. ஆசிரியர் 'நூற்று ஒன்பது' என்று சொல்லி எழுதச் சொல்கின்றார். பிள்ளைகளுள் பலர் 109 என எழுத, சிலர் 1009 என எழுதி நீட்டுகின்றனர். சிவப்பு மையினால் ஒரு குறுக்குக் கோடு விழுகின்றது. 'கணக்கு வராத பிள்ளை' என்னும் பெயரும் அன்றே விழுந்து விடுகின்றது. அப்பெயர் பத்தாம் வகுப்பு வரை உடன் வருவதை நாம் கண்டிருக்கின்றோம். தமிழ்த்துறை மலரில் கணக்குப் பாடத்திற்கு என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். இப்பிழை கணக்கில் பிறந்ததன்று, மொழியில் பிறந்தது என்பதே நம் விடை.

அப்பிள்ளை செய்தது யாது? நூறு என்று கேட்டதும் 100 என எழுதிற்று. ஒன்பது என்று கேட்டதும் அதன் அருகே 9 என எழுதிற்று. காதில் விழுந்தவாறே கை எழுதியது, அவ்வளவே. வியப்பு என்னவெனில், நம் முன்னோரும் அவ்வாறே எழுதினர். பழந்தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰ எனவும், நூற்றுக்கு ௱ எனவும், ஆயிரத்துக்கு ௲ எனவும் தனிக் குறிகள் இருந்தன. இருபத்து மூன்று ௨௰௩ என்றும், நூற்று ஒன்பது ௱௯ என்றும் எழுதப்பெற்றன. சொல்லும் குறியும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தே நடந்தமையால் அங்கே பூச்சியத்திற்குத் தேவை எழவில்லை. இன்றைய பிள்ளையோ, ஒரே குறி தான் அமரும் இடத்திற்கேற்ப ஒன்றாகவும் பத்தாகவும் நூறாகவும் மாறும் என்பதை ஏழு வயதில் உணர வேண்டியுள்ளது. 109இல் உள்ள சுழி 'இங்கே தனிப் பத்து இல்லை' என்று சொல்லுகின்றது. வாயால் சொல்லப்படாத ஒன்றைக் கையால் எழுதுவது எளிய செயலா?

பெரியோர்க்கும் அது எளிதாக இருந்ததில்லை. இந்தியாவில் தோன்றிய இடமதிப்பு முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மி தம் நூலொன்றில் விளக்கினார். அதன் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை. இலத்தீன் வடிவங்களே எஞ்சியுள்ளன. வெறுமை என்னும் பொருளுடைய 'சூன்யம்' அரபியில் 'ஸிஃப்ர்' ஆயிற்று; அது இலத்தீன் வழியே ஆங்கிலத்தை அடைந்து 'சைபர்' ஆயிற்று. நம் வீட்டு முதியோர் பூச்சியத்தைச் 'சைபர்' எனும்போது, இம்மண்ணிலிருந்து புறப்பட்ட கருத்தொன்று அரபகத்தையும் ஐரோப்பாவையும் சுற்றி நம் நாவிற்கே மீண்டு வந்திருப்பதை அறியலாம். இடையில் அதற்குத் தடையும் நேர்ந்தது. இத்தாலியின் பிளாரன்சு நகர நாணய மாற்று வணிகர் குழு, 1299ஆம் ஆண்டில், கணக்கேடுகளில் இவ்வெண்களை எழுதலாகாது என விதி வகுத்தது. பணத்திலே பழகிய வணிகரே தயங்கிய இடத்தில் ஒரு சிறுபிள்ளை தடுமாறுவதற்குச் சினம் எதற்கு?

தமிழ் எண்ணுப் பெயர்கள் பிள்ளைக்குப் பெருந்துணை என்பதையும் மறத்தலாகாது. பதினொன்று என்ற சொல்லுக்குள்ளே பத்தும் ஒன்றும் வெளிப்படையாக உள்ளன. ஆங்கிலத்தின் 'இலெவன்' என்ற சொல்லில் அது புலப்படுவதில்லை. ஆயினும் ஒன்பதின் குடும்பத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கின்றது, நூறு அங்கில்லை. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கின்றது, ஆயிரம் அங்கில்லை. எண்பத்தொன்பது வரை சரளமாக எண்ணிய பிள்ளை அடுத்த எண்ணில் திகைத்து நிற்பதன் காரணம் இதுவே. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்னும் பழம்பெயர் தொல்காப்பியத்திலும் பரிபாடலிலும் வழங்குவதை நம் மாணவர் புணர்ச்சி இலக்கணத்தோடு சேர்த்துப் பயில்கின்றனர். தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கும் அது தெரிந்திருத்தல் நன்று.

நம் பிள்ளைகளுக்கு மற்றுமொரு சுமையும் உண்டு. காலையில் மதரஸாவில் அரபு எண்ணைப் பயிலும் பிள்ளை இருபத்து மூன்றை 'மூன்றும் இருபதும்' என்னும் வரிசையில் சொல்லுகின்றது; பள்ளிக்கு வந்தால் இருபது முன்னும் மூன்று பின்னுமாகின்றன. அப்பிள்ளை 23ஐ 32 என எழுதினால், அதனை மந்தபுத்தி என்பதா, இரு மொழி அறிந்தது என்பதா?

கழித்தலிலும் இத்தகையதொரு பிழை உண்டு. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என விடை வரும். 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று நாமே கற்பித்தோம். ஏழிலிருந்து இரண்டைப் பிள்ளை கழித்து விட்டது! 'கடன் வாங்கு' என்று நூறுமுறை சொல்வதினும், ஐந்து கட்டுக் குச்சிகளும் இரண்டு தனிக் குச்சிகளும் கையில் தந்து, ஒரு கட்டை அவிழ்க்கச் செய்தல் மேல். அவிழ்த்தபின் தனிக் குச்சிகள் பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. எஞ்சிய நான்கு கட்டுகளில் இரண்டு போக இரண்டு. விடை 25. கடன் என்பது கடனன்று, தன் கட்டையே தான் அவிழ்ப்பது எனப் பிள்ளைக்கு விளங்கும்.

1009 என எழுதிய பிள்ளைக்கும் வழி உண்டு. பழைய நாட்காட்டி அட்டையில் 100 என ஒன்றும், அதன் ஓர் இலக்க அகலத்தில் 9 என ஒன்றும் வெட்டித் தருக. பெரிய அட்டையின் வலக்கோடியில் சிறிய அட்டையைப் பொருத்தி வைத்தால் கடைசிச் சுழி மறைந்து 109 தோன்றும். பிள்ளை உடனே ஒன்பதைத் தூக்கி, அடியில் சுழி இன்னும் இருக்கின்றதா எனப் பார்க்கும்.