சாமைப் பானைக்குள் மாத்திரை



சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்ததை உன் அப்பா போனில் சொன்னார். மலையிலிருந்து இறங்கிய பிள்ளை வெள்ளைக் கோட்டு போடப்போகிறாள் என்று கேட்டதும் எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. கூடவே ஒரு பழைய நினைப்பும் வந்தது.

நான் கிராம சுகாதார செவிலியராகக் கல்வராயன் மலையில் நடந்த காலம். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு மாசாமாசம் சத்து மாத்திரை கொடுப்பேன். "சாப்பிடுறியாம்மா?" என்றால் "சாப்பிடுறேங்க" என்பாள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். ஒருநாள் என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்த மலைப்பெண், அவளோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். கையில் என் மாத்திரைகள். சாமைப் பானைக்குள் கிடந்தனவாம், ஒன்றே ஒன்று போக மற்றதெல்லாம் அட்டையிலேயே. முதல் மாத்திரை போட்ட மறுநாள் மலம் கறுத்துப் போக, வயிற்றில் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்திருக்கிறாள். இரும்புச்சத்து மாத்திரைக்கு மலம் கறுக்கும், அது இயல்பு. முதல்நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். நான் பேசியதும் தமிழ், அவள் பேசியதும் தமிழ். ஆனாலும் அந்தப் பயத்தைத் தன் சனத்துப் பெண்ணிடம்தான் அவள் சொன்னாள்.

பை தூக்கி வந்த பெண்ணுக்கு அந்தப் பயம் புரிந்தது. அதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து போய்ப் பேசிய பிறகே மாத்திரை உள்ளே போனது.

இப்படிச் சேர்ந்து வேலை செய்த இடம் ஒன்று பக்கத்திலேயே உண்டு. உங்கள் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கி இருக்கிறது. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் பள்ளத்தாக்கு. 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதைக் காணவில்லை. இருவரும் தனியாக மல்லுக்கட்டவில்லை. உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றினார்கள். ரத்த அழுத்தம் பார்க்கவும், பிரசவம் பார்க்கவும், ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளவும் அந்தப் பெண்கள் கற்றார்கள். ஊருக்கு ஒரு மூத்த பெண் சுகாதாரப் பணிக்கு வந்தாள். காலப்போக்கில் அந்த 147, இருபதுக்குப் பக்கத்தில் இறங்கியது. வெளியிலிருந்து வந்த படிப்பும் மலைப்பெண்களின் நடையும் சேர்ந்து இறக்கியது அது.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்று பல குடிகளின் பெண்கள் செவிலியராக நிற்கிறார்கள்.

தன் சனத்துக்குத் தானே வைத்தியராவது பெரிய காரியம்தான். தூரத்து அமெரிக்காவிலும் அப்படி நின்றவர்கள் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கதவு கறுப்பின மருத்துவர்களுக்கு அடைபட்டிருந்தபோது, 1895இல் அவர்கள் தங்களுக்கென்று தேசிய மருத்துவச் சங்கம் கண்டார்கள். அமெரிக்கப் பூர்வகுடி மருத்துவர்கள் 1971இல் தனிச் சங்கம் அமைத்தார்கள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2004இல் கறுப்பின, ஸ்பானிய வழி மருத்துவர் சங்கங்கள், ஒரு காலத்தில் கதவடைத்த அதே சங்கத்தோடு சேர்ந்து, சிகிச்சையில் நிலவும் பாகுபாட்டை ஒழிக்க ஒரு குழு அமைத்தன. பழைய புறக்கணிப்புக்காக 2008இல் அந்தச் சங்கம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. சொந்தக் காலில் நின்ற பிறகு கைகோத்ததால்தான் அந்தக் கூட்டுக்கு மதிப்பு.

உன் வகுப்பில் சின்னசேலத்துப் பிள்ளை இருப்பாள், சேரியிலிருந்து வந்தவன் இருப்பான், இருளர் வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். "மலைக்காரி" என்று யாராவது சொன்னால் குனியாதே. அதற்காக ஒதுங்கியும் உட்காராதே. அவரவர் ஊரில் எதற்குப் பயப்படுகிறார்கள், யாரிடம் முதலில் வைத்தியத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவை. பாடப்புத்தகத்தில் அது இருக்காது.

முதல் விடுமுறைக்கு வெள்ளிமலை பஸ் ஏறும்போது தனியாக வராதே. நாலு பேரைக் கூட்டி வா. உன் அம்மா களி கிண்டிப் போடட்டும். சாப்பிட்டுவிட்டு, பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு, கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு எல்லோருமாகப் போங்கள். முதலில் அடுப்படியில் உட்காருங்கள்.

அன்புடன்,
உன் நர்ஸம்மா